வருஷா வருஷம் ஏ.சி-க்கு கேஸ் போட வேண்டுமா? கத்திரிக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்!

'சிவராத்திரியோடு பனி சிவ சிவா என்று போய்விடும்' என்பார்கள் பெரியவர்கள். திருத்தணிப் பக்கத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. மாசி பாதியில் கம்பளி மடிந்து பரணுக்குப் போகும். பங்குனி பிறந்தால் ஃபேன் ரெகுலேட்டர் ஐந்தாம் எண்ணுக்குப் போய் நிற்கும். சித்திரையில் மொட்டைமாடித் தளம் இரவு பத்து மணிக்கும் சூடு இறங்காமல் கிடக்கும். கோடையில் வானிலை மையம் சொல்லும் 'நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள்' பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி இடம்பிடிப்பது செய்தி பார்ப்பவர்களுக்குப் பழகிய விஷயம்.

அந்தத் திருத்தணிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே, சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். முருகனைப் பார்க்கப் போகிறவர்களும் ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்களும் கடந்து போகும் ஊர். சென்னைக்காரர்களுக்கு மதியமே கிடைக்கும் கடற்காற்று, இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேர மாலையாகிவிடும். சில நாள்களில் வராமலே போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் ஏ.சி ஆடம்பரம் என்ற பேச்சு குறைந்துவிட்டது. தவணையில் வாங்கி, ஒரே ஓர் அறையில் மாட்டி, கோடை ராத்திரிகளில் பாட்டி முதல் பேரக்குழந்தை வரை அந்த ஓர் அறையிலேயே பாய் விரித்துப் படுக்கிற வீடுகள் எத்தனையோ.

அப்படிப்பட்ட வீட்டில் ஐப்பசி மழையோடு நிறுத்திய ஏ.சி-யை, நாலைந்து மாதம் கழித்து ஒரு புழுக்கமான இரவில் அவசரமாகப் போடுகிறார்கள். காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மறுநாள் மெக்கானிக் வருகிறார். அதன் பிறகு நடக்கும் உரையாடல் பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான்.

"அக்கா, கேஸ் கம்மியா இருக்கு. போட்டுடட்டுமா?"

"போன வருஷம்தானே தம்பி போட்டீங்க?"

"வருஷத்துக்கு ஒரு வாட்டி போட்டாதான்க்கா நல்லா ஓடும்."

அந்தக் கடைசி வரி உண்மையில்லை. அதை நம்பித்தான் பல குடும்பங்கள் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கின்றன. ஏ.சி-யைக் கோடைக்குத் தயார் செய்வதில் பாதி வேலை வீட்டிலேயே முடியக்கூடியது. மீதி வேலைக்கு மெக்கானிக் அவசியம். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், ஆபத்தும் இல்லை.

ஃபிரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா?

ஏ.சி-யில் இருக்கும் கேஸ், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோவதில்லை. அடுப்பு சிலிண்டர் போலக் காலியாவதும் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் இண்டோர் யூனிட்டில் அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வருகிறது. வேலை செய்யும் ஆள் மாறுவதே இல்லை.

ஃபிரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. பத்து வருடம் ஓடிய ஃபிரிட்ஜுக்கு யாரும் வருடா வருடம் கேஸ் நிரப்புவதில்லை. ஏ.சி-யில் மட்டும் ஏன் குறைய வேண்டும்? குறைந்தால் அதற்கு ஒரே காரணம்தான்: எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பில் நட்டு தளர்ந்திருக்கலாம். காயிலில் நுண்ணிய ஓட்டை விழுந்திருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்புவது, பஞ்சரான டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே இருப்பது போலத்தான். அடுத்த வருடமும் அதே செலவு வரும்.

குளிர் வராததற்குக் கேஸைவிட அதிகம் காரணமாக இருப்பது தூசியும் அடைப்பும். நான்கு மாதம் சும்மா இருந்த ஏ.சி-யில் என்னென்ன நடந்திருக்கும் என்று பார்த்தால் இது புரியும்.

சும்மா கிடந்த மாதங்களில் நடந்தவை

ஏ.சி அறையைக் குளிர வைப்பதோடு நிற்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. சொல்லப்போனால் ஏ.சி பிறந்ததே அதற்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினீயர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றைய ஏ.சி-க்கு முன்னோடி. புழுக்கமான இரவில் வெளிக்குழாய் வழியாகச் சொட்டும் தண்ணீர் எல்லாம் அறைக்காற்றில் இருந்த ஈரம்தான்.

மழைக்காலத்தில் ஏ.சி-யை நிறுத்தும்போது அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. மேலே தூசி, உள்ளே ஈரம், மூடிய பெட்டி. பூஞ்சை வளர இது போதும். முதல் நாள் ஏ.சி போட்டதும் அடிக்கும் முடை நாற்றம் இதனால்தான். ஆஸ்துமா, சைனஸ் தொல்லை இருப்பவர்கள் அந்தக் காற்றில் தும்மத் தொடங்குவதும் இதனால்தான். தண்ணீர் வடியும் குழாயில் பாசியும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

வெளியே இருக்கும் யூனிட்டின் கதை வேறு. நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் லாரிகள் கிளப்பும் புழுதி முழுக்க அதன் தகடுகளில்தான் படியும். வயல் பக்கத்து வீடு என்றால் வைக்கோல் தூசியும் சருகும். குளவி கூடு கட்டியிருக்கும். குருவியோ புறாவோ குச்சி சேர்த்திருக்கும். எலியும் அணிலும் வயரைக் கடித்திருக்கும். கதகதப்பைத் தேடி உள்ளே போன பல்லி, சர்க்யூட் போர்டில் ஒட்டி இறந்துகிடக்கும். இதில் எதற்கும் கேஸ் போடுவது மருந்தில்லை.

வீட்டிலேயே முடிக்கக்கூடிய ஆறு வேலைகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. ஏ.சி-க்கான எம்.சி.பி சுவிட்சைக் கீழே இறக்குங்கள். பிளக் இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஈரக்கையோடு எதையும் தொட வேண்டாம். ஆட்டம் இல்லாத ஸ்டூல் அல்லது ஏணியில் ஏறுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.

2. ஃபில்டரைக் கழுவுங்கள். இண்டோர் யூனிட்டின் முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால், வலை போன்ற ஃபில்டர் தெரியும். மெதுவாக உருவி எடுங்கள். முதலில் தட்டித் தூசியை உதறுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில், தூசி ஒட்டியிருக்கும் பக்கத்துக்குப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். தூசி தானாகக் கழன்று வரும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் இரண்டு சொட்டு போதும். வெந்நீர் ஊற்றினால் ஃபில்டர் வளைந்துவிடும். வெயிலில் போடாமல் நிழலில் காய வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபில்டரைச் சுத்தமாக வைத்தாலே ஏ.சி இழுக்கும் மின்சாரம் 5 முதல் 15 சதவிகிதம் வரை குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கோடையில் இந்த வேலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, தாளிப்புப் புகை புழங்கும் அறைக்கு இது இன்னும் முக்கியம்.

3. தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். வெளியே தொங்கும் வடிகுழாயின் நுனி மண்ணில் புதைந்திருக்கக் கூடாது. பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியும் இருக்கக் கூடாது. நடுவில் மடிப்போ தொங்கலோ இல்லாமல், மேலிருந்து கீழாகச் சரிவாக இருக்க வேண்டும். நுனியில் குளவி மண் வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இது அடைத்திருந்தால்தான் ஏ.சி படுக்கையின் மேல் சொட்டுகிறது.

4. அவுட்டோர் யூனிட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். மழைக்காலத்தில் சாக்கு, தார்ப்பாய், பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தால் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். மறந்துபோய் அப்படியே ஓட்டினால் கம்ப்ரஸர் சூடேறி நின்றுபோகும். சுற்றிலும் இருக்கும் செடி, கொடி, பழைய பொருள்களை நகர்த்துங்கள். சருகையும் கூட்டையும் அப்புறப்படுத்துங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்துபோகும் வரை சில வாரம் பொறுப்பதுதான் நியாயம். பின்பக்கத் தகடுகளின் தூசியை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டலாம். தகடுகள் காகிதம் போல மெலிதானவை, அழுத்தினால் மடங்கிவிடும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பை அதன் மேல் காட்டவே வேண்டாம். எந்த யூனிட்டின் திருகையும் கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மேலும், யூனிட் மாடிச் சுவரிலோ சன்ஷேடிலோ இருந்தால் வீட்டில் யாரும் ஏறிப் பார்க்க வேண்டாம், மெக்கானிக்குக்கு விட்டுவிடுங்கள்.

5. பிளக், சாக்கெட், வயர். பிளக்கின் கால்கள் கறுத்திருக்கிறதா, சாக்கெட் மஞ்சளாகியோ உருகியோ இருக்கிறதா, பிளாஸ்டிக் கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஏ.சி-யைப் போடாதீர்கள். கோடை இரவுகளில் ஏ.சி தீப்பிடித்தது என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் தளர்ந்த இணைப்பும் மெலிந்த வயரும் அடிக்கடி இருக்கின்றன. ஏ.சி-க்குத் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி-யை மாட்டவே கூடாது. வீட்டில் ஷாக்கைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி பொருத்தியிருந்தால் அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே கட் ஆக வேண்டும். போர்வெல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் சரியாக வேலை செய்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

6. ரிமோட். சிரிக்க வேண்டாம். பழைய பேட்டரி கசிந்து, ரிமோட் வேலை செய்யாமல், 'ஏ.சி ரிப்பேர்' என்று மெக்கானிக்கை அழைத்த வீடுகளும் உண்டு. புது பேட்டரி போட்டு, 'கூல்' மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபேன்' மோடிலோ 'டிரை' மோடிலோ இருந்தால் எதிர்பார்த்த குளிர் வராது.

முதல் ஓட்டம்: இருபது நிமிடப் பரீட்சை

எல்லாம் முடிந்ததும் கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள். முடை நாற்றம் வெளியேறட்டும். பிறகு கதவைச் சாத்தி, கூல் மோடில் 18 டிகிரி வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

இப்போது ஓர் எளிய சோதனை. அறை வெப்பம் காட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே ஒழுங்காகக் காட்டாது. ஏ.சி-யின் மேல்பக்கத்தில் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கீழே குளிர்காற்று வரும் வாயில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏ.சி நன்றாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் ஒருவர் 'கேஸ் இல்லை' என்றால், ஏன் என்று கேட்கும் தைரியத்தை அந்த எண் கொடுக்கும்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் என்ன பார்ப்பது?

காற்றின் வேகமே குறைவு என்றால், ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருக்கும் காயிலும் உருளை ஃபேனும் அழுக்கேறியிருக்கின்றன. மெக்கானிக் செய்யும் வாட்டர் சர்வீஸ் தேவை.

காற்று வேகமாக வருகிறது, குளிர் இல்லை என்றால், வெளியே அவுட்டோர் யூனிட் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஃபேனே சுற்றாமல் இருந்தாலோ, 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றாலோ, கெப்பாசிட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் நிரப்புவதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

காயிலிலோ மெல்லிய செம்புக் குழாயிலோ வெள்ளையாக ஐஸ் படிந்தால் உடனே கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் மட்டும் ஓட்டி ஐஸ் கரையவிடுங்கள். ஐஸுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அழுக்கால் காற்று போகாதது. இன்னொன்று, கேஸ் குறைந்தது. சுத்தம் செய்த பிறகும் ஐஸ் படிந்தால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

செம்புக் குழாய் இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அது கசிவின் அடையாளம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும். அந்த இடத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.

மெக்கானிக் வந்தால் என்ன கேட்பது?

வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்பாக, ஒரு முழுச் சர்வீஸ் செய்வது நல்லதுதான். உள் காயில், உருளை ஃபேன், தண்ணீர்த் தட்டு, அவுட்டோர் தகடுகள் எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மின் இணைப்புகளை இறுக்க வேண்டும். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் இழுக்கும் ஆம்பியர், யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே காட்டுவார்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால், வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். முதலில் சோப்பு நுரை தடவியோ, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை அடைக்க வேண்டும். அதன் பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியாகத்தான் கேஸ். அதையும் எடைத் தராசில் சிலிண்டரை வைத்து, லேபிளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ அத்தனை கிராம் மட்டுமே ஏற்ற வேண்டும். கேஸ் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். 'கை வைச்சுப் பார்த்தாலே தெரியும்' என்பவரிடம் பொறுமையாகத் தராசு கேளுங்கள்.

என்ன கேஸ் என்பதும் முக்கியம். பழைய ஏ.சி-களில் இருக்கும் ஆர்-22, ஆர்-410ஏ தீப்பிடிக்காதவை. இப்போது அதிகம் விற்கும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரோப்பேன். நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் கேஸிலும் கலந்திருக்கும் பொருள். ஓசோன் படலத்துக்கும் புவி வெப்பத்துக்கும் இவை குறைவான கெடுதல் செய்பவை என்பதால்தான் வந்தன. ஓட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், பழுதுபார்க்கும்போது கவனம் வேண்டும். அந்த நேரத்தில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்; பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரிய வேண்டாம். குழந்தைகள் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு ரகத்துக்கான ஏ.சி-யில் வேறு ரகக் கேஸை ஏற்ற அனுமதிக்காதீர்கள். கசிவு பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது எடுத்தால் உடனே நிறுத்துங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

இந்த இடத்தில் மெக்கானிக் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரே நாளில் பல வீடுகளுக்கு ஓடுகிறவர் அவர். ஒவ்வொரு வீட்டிலும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்கிறார்கள். கசிவைத் தேடி அடைக்க சில மணி நேரம் பிடிக்கும். டாப்-அப் அரை மணியில் முடியும். அவசரப்படும் வீட்டுக்காரரே பல நேரம் அவரை டாப்-அப் பக்கம் தள்ளிவிடுகிறார். மாசியிலேயே கூப்பிட்டால் அவருக்கும் நேரம் இருக்கும். வேலையும் நிதானமாக நடக்கும். இன்னொன்று, இரண்டாம் மாடிச் சுவரில் தொங்கும் யூனிட்டுக்காக அவரை சன்ஷேடு விளிம்பில் வெறும் காலோடு நிற்கவிடாதீர்கள். பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், கொண்டு வந்து செய்யட்டும். நம் வீட்டுக் குளிர்ச்சிக்காக இன்னொரு வீடு இருட்டாகிவிடக் கூடாது.

கரன்ட் பில் கணக்கு

ஒன்றரை டன் ஏ.சி-யின் கம்ப்ரஸர் முழுவீச்சில் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ராத்திரியில் அது ஐந்து மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அறுபது ராத்திரிக்கு 450 யூனிட். அழுக்கு ஃபில்டரால் பத்து சதவிகிதம் கூடினால் மேலும் 45 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், டி.வி, மிக்ஸி எல்லாம் இதற்கு மேல். தமிழ்நாட்டு மின்கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை. அதற்குக் கீழே கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா, அந்தப் பக்கம் போகிறோமா என்பதைச் சில நேரம் அந்த ஒரு ஃபில்டரே தீர்மானிக்கிறது.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் ரேட்டிங் ஏ.சி-கள், ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ சொல்லும் கணக்கு. 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட, 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் உடம்புக்கும் இதம், பில்லுக்கும் இதம். 18-ல் வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்பது பலரின் நம்பிக்கை. சாதாரண ஏ.சி-யில் குளிரும் வேகம் மாறாது. நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

மேல்தளத்து அறை என்றால் ஏ.சி-யின் பாதி உழைப்பு கூரைச் சூட்டோடுதான் போகிறது. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் கூலிங் பெயின்ட்டோ அடிப்பது, மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது, கதவு இடுக்கைப் பழந்துணியால் அடைப்பது எல்லாம் ஏ.சி-க்குச் செய்யும் சர்வீஸில் சேர்த்தியே. ஏ.சி இல்லாத வீட்டுக்கும் இவை குளிர்ச்சி தரும்.

ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலை. இண்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, சர்வீஸ் செய்த தேதி, கேஸ் ஏற்றியிருந்தால் எத்தனை கிராம், எங்கே கசிவு அடைத்தது, இருபது நிமிடப் பரீட்சையில் வந்த வித்தியாசம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அடுத்த வருடம் வேறு மெக்கானிக் வந்தாலும் ஏ.சி-யின் ஜாதகம் கையில் இருக்கும். 'போன வருஷம் 12-ஆம் தேதி போட்ட கேஸ் எங்கே போச்சு தம்பி?' என்று கேட்கும் வீட்டில், கசிவைத் தேடாமல் வேலையை முடிப்பது கடினம்.

அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கி ஏ.சி-யை நிறுத்தும் நாளன்று, அரை மணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓட்டி உள்ளே இருக்கும் ஈரத்தைக் காயவிடுங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ரிமோட் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எம்.சி.பி-யை இறக்கிவிடுங்கள். அன்றைக்குச் செலவாகும் அந்த அரை மணி நேரம், அடுத்த மாசியில் பாதி வேலையைக் குறைத்துவிடும்.